02:11: மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், புதுதில்லி.
செயலர், உயிரித் தொழில்நுட்பத் துறை, புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்னையில் திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்றுவதற்கு முன்னால், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எச்எல்ஏ (செல்லின் மேற்பரப்பில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளப் புரதம்) பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நோயாளிகளின் முகம் எங்களுக்குத் தெரியாது. ரத்தக் குழாயும் அதன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணும்தான் தெரியும்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் ஆய்வகத்தின் வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய மகளுக்கு முழங்காலுக்குப் பின்னால் சைனோவியல் சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலுக்குப் பரவியிருந்தது. வெளிநாட்டில் இருந்த உறவினர் ஒருவர், இந்த நோய்க்கு அமெரிக்காவில், நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே எடுத்து மாற்றித் திருப்பிச் செலுத்தும் புதிய செல் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்றும், முதலில் எச்எல்ஏ பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் என்றும் தெரிவித்திருந்தார். அந்தச் சிகிச்சைக்குத் தேவையான வகைகளைப் பெரியவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்: ஏ 02:01, 02:02, 02:03, 02:06. எங்கள் அறிக்கையில் இருந்தது ஏ 02:11.

சீட்டையும் அறிக்கையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 02:01 என்பதன்மேல் ஒரு விரல், 02:11 என்பதன்மேல் ஒரு விரல். "ஏம்மா, நாலு இலக்கத்தில் மூன்று சரியாகத்தானே இருக்கிறது? ஒரே ஒரு இலக்கம்தானே மாறியிருக்கிறது?" என்று கேட்டார். எழுத்துப் பிழையாக இருக்கலாம், திருத்தித் தந்துவிடுவேன் என்ற நம்பிக்கை அவர் குரலில் இருந்தது.

அது பிழை இல்லை என்று சொன்னேன். ஏன் அந்த ஒரு இலக்கம் அவ்வளவு பெரிய சுவராக நிற்கிறது என்பதை என்னால் இயன்றவரை விளக்கினேன். ஆனால் அவர் கடைசியாகக் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. "02:11 உள்ளவர்களுக்கு யார் மருந்து தேடுகிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்களிடம் கொண்டுவருவதற்காகத்தான் இந்த மடல்.

தங்கள் அலுவலகத்தில் இந்தத் துறை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இது திறந்த மடல். அந்தப் பெரியவரைப் போன்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் உருவாகின்றன, நொறுக்கவும் படுகின்றன. நொறுங்கிய துண்டுகளில் சிலவற்றை, பெரும்பாலும் எட்டு முதல் பதினொரு அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) நீளமுள்ளவற்றை, செல் தன் மேற்பரப்பில் எடுத்து நீட்டுகிறது. இந்தத் துண்டுதான் பெப்டைடு. எடுத்து நீட்டும் அகப்பைதான் எச்எல்ஏ. ரத்தத்தில் சுற்றிவரும் நோயெதிர்ப்புக் காவலர்களான டி செல்கள் அதைத் தொட்டுப் பார்க்கின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, வெளியே நீட்டப்பட்ட துண்டை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுகொள்கின்றன. துண்டு அந்நியமாக இருந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடுகின்றன. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் டி செல்கள் அறிவது இப்படித்தான்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே அது மட்டும் போதாது. சட்டியில் இருந்தாலும், அந்த அகப்பையின் வடிவத்துக்குப் பொருந்தினால்தான் வரும். ஏ, பி, சி என்று மூன்று இடங்களில், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஒருவருக்கு ஆறு வகை அகப்பைகள் வரை இருக்கலாம். உலகம் முழுவதும் பார்த்தால் வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 02:01, 02:11 இரண்டும் ஒரே குடும்பம். பெப்டைடு உட்காரும் பள்ளத்தில் ஓரிரு அமினோ அமிலங்கள்தான் வேறு. ஒன்றில் உட்காரும் பெப்டைடு மற்றதிலும் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். உட்கார்ந்தாலும், முதல் வகைக்காகச் செய்த டி செல் இரண்டாவதை அடையாளம் காணும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த அமெரிக்க மருந்தின் குறிப்பிலேயே, ஏ 02:05 உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்ற தடை இருக்கிறது. ஒரு இலக்கம் மாறினால் ஆபத்தாகவும் முடியலாம் என்பதால்தான் பெரியவரிடம் என்னால் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை.

இந்தத் துறை தொடங்கிய கதையைத் தாங்கள் அறிவீர்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார்கள். அவருடைய ரத்தத்தின் டி செல்களே ஆய்வகத் தட்டில் அந்தச் செல்களைக் கொன்றன. எதைப் பார்த்துக் கொல்கின்றன என்று பிரசல்ஸில் தியரி பூனின் குழு ஆண்டுக்கணக்கில் தேடியது. 1991இல் ஜீன் கையில் கிடைத்தது. மேஜ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே பெப்டைடும் தெரிந்துவிட்டது: எச்எல்ஏ ஏ1 என்ற அகப்பையில் வரும் ஒன்பது அமினோ அமிலங்கள். விந்தகம், நஞ்சுக்கொடி போன்ற ஓரிரண்டு இடங்களைத் தவிர உடலில் எங்கும் உறங்கிக் கிடக்கும் அந்த ஜீன், கட்டியில் விழித்துக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்ற அந்தச் செல் சிகிச்சை குறிவைப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மேஜ்-ஏ4 புரதத்தின் ஒரு துண்டைத்தான். ஒரே ஒரு நோயாளியின் கட்டியையும் ரத்தத்தையும் பத்திரமாக வைத்திருந்ததால் ஒரு துறையே பிறந்தது.

அப்படிப் பத்திரமாக வைக்கப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தன. அங்கே மிகப் பரவலான வகை ஏ 02:01. ஆகவே பெப்டைடுகளும் அதற்கே அதிகம் தேடப்பட்டன, கருவிகளும் அதற்கே செய்யப்பட்டன, சோதனை மருந்துகளும் அதற்கே வந்தன. கண்ணில் வரும் மெலனோமாவுக்கு 2022 ஜனவரியில் அனுமதி பெற்ற டெபென்டஃபஸ்ப் என்ற மருந்து 02:01 உள்ளவர்களுக்கு மட்டுமே. பிரசல்ஸ் குழுவினர் பராமரிக்கும் புற்றுநோய்ப் பெப்டைடுப் பட்டியலைப் புரட்டினால் ஏ2, ஏ2 என்றே (02 என்று தொடங்கும் குடும்பம்) கண்ணில் படுகிறது. இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. கையில் இருந்த திசுவைக் கொண்டு ஆராய்ந்தார்கள்.

நம் மக்களில் ஏ2 இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் 02:01 ஐரோப்பியரிடம் இருப்பதுபோல் ஆதிக்கம் செலுத்துவதில்லை. 02:11 கணிசமாக வருகிறது, 02:03, 02:06 ஆகியவையும் கலந்து வருகின்றன. அவற்றோடு ஏ 24:02, ஏ 11:01, ஏ 33:03, ஏ 01:01. என் மேசையில் அன்றாடம் கடந்துபோகும் எண்கள் இவை. ஓர் அறிக்கையில் 02:11 என்று தட்டச்சு செய்யும்போது முன்பெல்லாம் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் அந்த மேசைமேல் இருந்த இரண்டு விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

விலை மட்டும் என்ன குறைவா என்று யாரேனும் கேட்கலாம். அந்தச் சிகிச்சையின் விலை அமெரிக்காவில் 7 லட்சம் டாலருக்கு மேல். 02:01 என்று வந்திருந்தாலும் அந்தக் குடும்பத்தால் நெருங்கியிருக்க முடியாது. உண்மைதான். ஆனால் விலையைக் குறைக்க நமக்கு வழி தெரியும் என்று தாங்களே காட்டியிருக்கிறீர்கள். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்களுக்காக உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. அது தேடும் சிடி19 புரதம் செல்லின் மேற்பரப்பிலேயே முழுதாக இருப்பதால் எச்எல்ஏ வகை பார்க்கத் தேவையில்லை. ஆனால் ரத்தப் புற்றுநோய்களுக்கு வெளியே, கட்டிகளாக வரும் புற்றுநோய்களில் பெரும்பாலான கோளாறுகள் செல்லுக்கு உள்ளே ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே காட்டுவது அந்தப் பெப்டைடுகள் மட்டுமே. மலிவாகச் செய்யும் திறமை நம்மிடம் வந்துவிட்டது. எதைக் குறிவைப்பது என்ற தகவல்தான் இல்லை.

வாய்ப்புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஓராண்டில் 1.4 லட்சம் பேருக்கு மேல் புதிதாக இந்த நோய். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம். புகையிலையைக் கன்னத்தில் அடக்கி அடக்கி, கன்னச் சவ்விலும் ஈறிலும் வருவது. 1997இல் அதே பிரசல்ஸ் ஆய்வகம், வாயில் புற்று வந்த ஒரு நோயாளியின் டி செல்கள் எதை அடையாளம் காண்கின்றன என்று கண்டுபிடித்தது. காஸ்ப்-8 என்ற ஜீனில் 'இத்துடன் நிறுத்து' என்று சொல்லும் இடம் பழுதாகி, புரதம் 88 அமினோ அமிலம் கூடுதலாக நீண்டுவிட்டிருந்தது. அந்த நீட்சியிலிருந்து வந்த துண்டை எச்எல்ஏ பி35 வெளியே நீட்டியது. பி35 நம் மக்களில் அரிதான வகை இல்லை. பிறகு 2013இல், நம் நாட்டு ஈறு, கன்னப் புற்றுநோய்களின் மரபணுக்களைப் படித்த இந்தியக் குழு தன் முடிவுகளை வெளியிட்டபோது, அடிக்கடி பழுதாகும் ஜீன்களில் ஒன்றாக அதே காஸ்ப்-8 இருந்தது.

முதன்முதலில் இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் நம் நோய், நம் ஜீன் பழுது. மறுபக்கம் நம்மிடம் இருக்கும் அகப்பை. நடுவில் ஒரே கேள்வி: நம் நோயாளிகளின் கட்டிகளில், அந்தப் பழுதான புரதத்தின் எந்தத் துண்டு உண்மையில் வெளியே வருகிறது? ஒவ்வொருவரிலும் பழுது வெவ்வேறு இடத்தில் இருக்கலாம், விடையும் வெவ்வேறாக இருக்கலாம். ஆனால் பார்த்தால்தானே தெரியும்.

கணினியே சொல்லிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பெப்டைடு எந்த எச்எல்ஏவில் உட்காரும் என்று கணிக்கும் மென்பொருள்கள் நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. நோயாளிக்கு ஏற்பத் தனித்தனியாகச் செய்யும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. மாடர்னா, மெர்க் நிறுவனங்களின் மெலனோமா தடுப்பூசியில் ஒரு நோயாளியின் கட்டிக்கே உரிய 34 துண்டுகள் வரை சேர்க்கிறார்கள்; 157 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான நோயெதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்பும் அல்லது உயிரிழக்கும் அபாயம் ஏறத்தாழ 44 சதவீதம் குறைந்தது. பெரிய நம்பிக்கை இது. ஆனால் மென்பொருள் படித்த பாடம் எதுவோ அதைத்தான் அது ஒப்பிக்கும். குறைவாக ஆராயப்பட்ட எச்எல்ஏ வகைகளில் அதன் கணிப்பும் தளர்கிறது. நாளைக்கு இந்தத் தடுப்பூசி நம் ஊரிலேயே தயாரானாலும், 02:11க்கும் 33:03க்கும் துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் அரைகுறைத் தகவலோடுதான் உட்காருவோம்.

நேராகப் பார்க்கும் வழி இருக்கிறது. கட்டித் துண்டைக் கரைத்து, எச்எல்ஏவைப் பிடிக்கும் எதிர்ப்பொருளால் இழுத்து, அமிலத்தால் பெப்டைடுகளைக் கழற்றி, நிறைமானியில் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் படிப்பது. ஒரு கிராம் திசுவிலிருந்து ஆயிரக்கணக்கான பெப்டைடுகளைப் படிக்க முடியும். கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

இல்லாதது திசு. ஃபார்மலினில் போட்ட திசு இதற்கு உதவாது. புரதங்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்துவிடும் அந்தத் திரவம். எடுத்த சில நிமிடங்களில் உறைய வைத்த திசுதான் வேண்டும். நான் பார்த்த ஓர் அறுவை அரங்கின் வாசலைச் சொல்கிறேன். கன்னத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டி, தாடை எலும்போடு சேர்ந்து, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வெளியே வருகிறது. ஊழியர் மூடியைத் திறந்து, கழுத்து வரை ஃபார்மலின் ஊற்றி, பெயரையும் எண்ணையும் ஒட்டி, நோய்க்குறியியல் துறைக்குச் செல்லும் தட்டில் வைக்கிறார். நோயைக் கண்டறிய அது அவசியம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதே தட்டின் ஓரத்தில் திரவ நைட்ரஜன் குடுவை ஒன்றும், சுண்டுவிரல் நுனியளவு துண்டை வெட்டிப் போட ஒரு சிறு குழாயும் இருந்திருந்தால்? அந்த ஐந்து நிமிட வேலைக்கு ஆளில்லாததால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கட்டிகள் அந்த ஒரு வாசலிலேயே வாய்மூடிப் போகின்றன.

ஆகவே தங்களிடம் நான் கேட்பதில் முதன்மையானது இதுதான். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில், நோயாளியின் ஒப்புதலோடு, அறுவையில் எடுக்கும் கட்டியின் ஒரு துண்டையும் அதன் அருகிலுள்ள இயல்பான திசுவின் ஒரு துண்டையும் உறைய வைப்பது வழக்கமாக வேண்டும். அதற்கான ஆளும் குடுவையும் தங்கள் நிதியிலிருந்து வரவேண்டும். சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. அங்கிருந்தே 2025இல் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தகவல் வெளியிடப்பட்டது. வழி தெரியாத காடு இல்லை இது. அந்த வங்கியின் கிளைகளை வாய்ப்புற்றும் கர்ப்பப்பை வாய்ப்புற்றும் நிறைந்திருக்கும் மாவட்ட மருத்துவமனைகள் வரை நீட்டுங்கள். தங்கள் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981 முதல் நடக்கிறது. வயது, ஊர், கட்டி எந்த இடத்தில் என்று எல்லாம் அதில் ஏறுகின்றன. பெப்டைடு ஆய்வுக்குத் திசு தருபவர்களுக்காவது நான்கு இலக்க எச்எல்ஏ வகையும் ஏறட்டும். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுவைப் படித்து வைத்திருக்கிறது. அதிலிருந்து எச்எல்ஏ வகைகளைக் கணக்கிட்டு, மக்கள் குழுவாரியாகப் பொதுவில் வைத்தால் எந்த அகப்பையில் தொடங்குவது என்றாவது தெரியும்.

இயல்பான திசுவும் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மேஜ்-ஏ3 புரதத்தின் ஒரு பெப்டைடைத் தேடிப்போகும்படி மாற்றிய டி செல்களை அமெரிக்காவில் இரண்டு நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். இருவரும் சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தார்கள். 2013இல் காரணம் வெளியானது. இதயத் தசையிலுள்ள டைட்டின் புரதத்தின் ஒரு துண்டு, குறிவைத்த ஒன்பது அமினோ அமிலங்களில் ஐந்தில் ஒத்திருந்தது. எச்எல்ஏ ஏ1 அதையும் வெளியே நீட்டியிருந்தது. டி செல்கள் இதயத்தைக் கட்டி என்று எண்ணிவிட்டன. ஆரோக்கியமான உறுப்புகள் எந்தெந்தப் பெப்டைடுகளை நீட்டுகின்றன என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இரண்டு உயிர்கள் போயின. ஜெர்மனியின் டியூபிங்கன் குழுவினர் அப்படிப்பட்ட ஓர் அட்டவணையை 2021இல் வெளியிட்டார்கள். நம் எச்எல்ஏ வகைகளுக்கும் அப்படியொன்று வேண்டும். அது இல்லாமல் நம் மக்களுக்கு இத்தகைய சிகிச்சையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

அதற்கான திசு எங்கே என்றால், என் ஆய்வகத்திலேயே காட்டுவேன். தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத் திட்டம் நடக்கிறது. பொருத்தம் பார்ப்பதற்காகக் கொடையாளரின் மண்ணீரலில் ஒரு துண்டு, பெரும்பாலும் நள்ளிரவில், ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். எங்களுக்குத் தேவைப்படுவது அதில் கொஞ்சம்தான். மீதி விடிவதற்குள் கழிவுப் பையில். தங்கள் வீட்டுப் பிள்ளையின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கொடுக்கும் பெருமனம் படைத்தவர்களிடம், இந்தத் துண்டையும் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். கேட்பதற்கு ஒரு படிவம் வேண்டும், படிவத்துக்குத் தங்கள் அனுமதி வேண்டும்.

இன்னொன்று. எச்எல்ஏ வகை பார்த்துத் தரப்படும் எந்தச் சிகிச்சைக்கும் இங்கே சோதனை அனுமதி கேட்டு வருபவர்களிடம், இந்தியர்களில் எத்தனை பங்கு பேருக்கு இது பொருந்தும் என்ற கணக்கை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எழுத்தில் வாங்கட்டும். நோயாளியும் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பெப்டைடுகள் எல்லாப் புற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்த மேஜ்-ஏ3 தடுப்பூசி 2014இல் பலனின்றி நின்றுபோனதை நான் மறக்கவில்லை. ஆனால் நெதர்லாந்தின் லைடனில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும் எச்பிவி-16 வைரஸின் நீண்ட பெப்டைடுகளை ஊசியாகப் போட்டபோது, பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் புற்றுக்கு முந்தைய புண் இருந்த 19 பேரில் 9 பேருக்கு ஓராண்டில் புண் முற்றிலும் மறைந்ததையும் மறக்க முடியாது. நீண்ட பெப்டைடை அவரவர் செல்லே நறுக்கி அவரவர் அகப்பைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பெண்களை இழக்கும் நாட்டில், அந்த 2009ஆம் ஆண்டு முடிவு இன்னும் உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் இருபது ஆண்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. முதல் சில ஆண்டுகள் கைப்பட எழுதியவை, பிறகு கணினியில். நெறிமுறைக் குழு அனுமதித்தால், பெயரும் அடையாளமும் நீக்கி, எந்த எச்எல்ஏ வகை எத்தனை முறை வந்தது என்ற கணக்கை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து நானே எடுத்துத் தருகிறேன். நாட்டில் இப்படிப் பல ஆய்வகங்கள் இருக்கின்றன. தங்களிடமிருந்து ஒரு கடிதம் போனால் அவையும் தரும். நள்ளிரவு ஐஸ் பெட்டி அடுத்த முறை வரும்போது, மீதித் துண்டைப் போட்டுவைக்கக் குழாயும் குடுவையும் யாருடைய பொறுப்பு என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெரியவரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. தங்கள் பதில் வந்தவுடன் அவரிடம் நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
திசுப் பொருத்த ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சென்னை.